போர்டில் எழுதக் கூடாதவை

அக்கா, அந்த போர்டைப் பார்த்துவிட்டுத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்? சும்மா டீ குடிக்க வந்தேன் என்று சொல்ல வேண்டாம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, உங்கள் கண் கம்பெனி கேட்டிலேயே இருக்கிறது. சாப்பாட்டு மணி அடிக்கட்டும், அப்புறம் வாருங்கள் என்று செக்யூரிட்டி சொல்லியிருப்பார். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார். நானும் மணிக்காகத்தான் காத்திருக்கிறேன். என் அம்மா உள்ளே தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறு வெட்டுகிறாள். அவளுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறேன்.

அந்த போர்டில் இருப்பது என் கையெழுத்து. நன்றாகப் பாருங்கள், அழகாக இருக்கும். போன மாதம் வரைக்கும் நான்தான் அங்கே எச்.ஆர். அசிஸ்டண்ட். என்னை ஏற இறங்கப் பார்க்கிறீர்கள், பரவாயில்லை. ப்ளஸ் டூவில் அக்கவுண்டன்சி போய்விட்டது. மறுபடி எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அந்த அக்கவுண்டன்சி சார் ஒன்றும் சொல்லித் தரவில்லை, எனக்கும் ஒன்றும் ஏறவில்லை, இரண்டும் உண்மை. கையெழுத்துக்காகத்தான் எடுத்தார்கள். போர்டு எழுத ஆள் வேண்டும், போன் எடுக்க ஆள் வேண்டும், சம்பளம் குறைவாக வேண்டும். பெயர் மட்டும் எச்.ஆர். எனக்கு எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. அதனால்தான் வேலை போனது. கம்பெனி செய்தது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் இருந்தது வேறு போர்டு. சாக்பீஸில் எழுதுவோம். "செக்கிங், பெண்கள் மட்டும். வயது 18 முதல் 30 வரை. கைக்குழந்தை உள்ளவர்கள் வர வேண்டாம். வடக்கத்தியருக்கு வேலை இல்லை." திருப்பூரில் எந்த ரோட்டில் போனாலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும். படிப்பார்கள், நமக்கில்லை என்று தெரியும், நடையைக் கட்டுவார்கள். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அப்புறம் வெளிநாட்டு பையர் ஒருவர் வந்தார். அவர்களுக்குத்தான் நாங்கள் பனியன் தைத்து அனுப்புகிறோம். கேட் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார். பின்னால் போர்டு. அவர்கள் ஊரில் யாரோ தமிழ் தெரிந்தவர் அதைப் படித்துவிட்டார். மெயில் வந்தது. ஆளைப் பிரித்துப் பார்க்கிற கம்பெனியிடம் சரக்கு வாங்க மாட்டோம், விளம்பரத்தை மாற்றுங்கள், நேரில் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறோம் என்று.

மேனேஜர் அருண்பிரகாஷ் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எம்.பி.ஏ. படித்தவர். எதற்கும் ஒரு நல்ல வார்த்தை வைத்திருப்பார்.

"பெண்கள்னு போடக் கூடாது மோனிஷா. பொறுமையும் நுணுக்கமும் உள்ளவர்கள்னு போடு."

"ஆம்பள ஒருத்தர் வந்து, எனக்குப் பொறுமை இருக்குதுன்னு சொன்னா?"

"சொல்ல மாட்டாங்க."

"முப்பது வயசு?"

"சுறுசுறுப்பானவர்கள்."

"கைக்குழந்தை?"

"நேரம் தவறாமை அவசியம்."

"வடக்கத்தி?"

கொஞ்சம் யோசித்தார். "தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்னு போடு. தமிழ் தெரியாதவன் அதையே படிக்க மாட்டான்."

"அப்ப எதுக்குங்க சார் அதை எழுதணும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதி அனுப்பினோம். பையர் ஆபீசில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுறுசுறுப்பு என்றால் வயதைத்தான் சொல்கிறீர்களாம், பொறுமை என்றால் பெண்ணைத்தான் சொல்கிறீர்களாம். எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். கடைசியில் அவர்களே வாசகம் கொடுத்தார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது அதுதான். "வேலைக்கு ஆட்கள் தேவை. எல்லோரும் வரலாம். வயது, பால், சாதி, மதம், மொழி, திருமணம், உடல் குறை எதுவும் தடையல்ல." சாக்பீஸ் வேண்டாம், வெள்ளைப் பெயிண்டில் எழுது என்றார்கள். நிரந்தரமாக இருக்கிற மாதிரி தெரிய வேண்டுமாம்.

முதலாளி வந்து பார்த்தார். நான் கேட்டேன், "இப்படிப் போட்டா நிஜமாலுமே எல்லாரையும் எடுக்கறதுங்களா?"

"வித்தியாசம் பாக்கறோம்னு சொல்லக் கூடாதுன்னுதான அம்மிணி சொல்லிருக்கறாங்க. பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே. நீ பெருசா எழுது."

எழுதினேன். அடுத்த நாளிலிருந்து கேட்டில் கூட்டம்.

யார் யாரெல்லாம் வந்தார்கள் தெரியுமா? வயிறு தள்ளிக்கொண்டு ஒரு அக்கா. கால் தாங்கித் தாங்கி நடக்கிற ஒருவர், சிங்கர் மிஷினில் நன்றாகத் தைக்கிற டெய்லராம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்தார், டை காதிலும் ஒட்டியிருந்தது. ஒடிசாவிலிருந்து புருஷன் பெண்டாட்டி, போர்டைப் போட்டோ எடுத்து யாரிடமோ காட்டிப் படித்திருக்கிறார்கள். யாரையும் எடுக்கப் போவதில்லை. ஆனால் ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. முன்பு போர்டு சொன்னதை இப்போது நான் சொல்ல வேண்டும், அதுவும் சொல்லாமல் சொல்ல வேண்டும். "விவரத்தைக் குடுத்துட்டுப் போங்க, பாத்துச் சொல்றோம்." இதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம். எனக்கு நாக்கு கூசியது.

சில பேரை முதலாளியே பார்ப்பார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாகக் கேட்பார். "சொந்த ஊரு எதுங்க? ஓ, அங்கியா. அங்க உங்க வீடு எந்தப் பக்கமுங்க?" இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். போர்டில் சாதி தடையல்ல என்று நான்தான் எழுதினேன், அந்த இடத்தில் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

அந்தக் கால் தாங்கி நடக்கிறவர் இருக்கிறாரே, அவர் நான் சொன்னதை நம்பிவிட்டார். பாத்துச் சொல்றோம் என்றால் பார்த்துச் சொல்வார்கள் என்று நினைத்து வேறு எங்கேயும் போகாமல் காத்திருந்திருக்கிறார். மறுபடி வந்து, "பாத்துட்டீங்களா பாப்பா" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். என் வாயால் யாரையும் ஏமாற்ற மாட்டேன்.

போர்டுக்குக் கீழே என் நம்பரை எழுதினேன். "வருமுன் அழைக்கவும்." இப்போது அங்கே கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறதல்லவா, அதுதான். அருண்பிரகாஷ் சார்கூட, கூட்டம் குறைந்துவிட்டது, நல்ல ஐடியா என்றார். என்ன ஐடியா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன் வரும். "அலோ, வேலைங்களாமா?"

"வயசு எத்தனைங்க?"

"நாப்பதுங்க."

"நாப்பத்தி எத்தனை?"

"ஒரு... நாப்பத்தி நாலு வெச்சுக்கங்க."

"வராதீங்க. போர்டு வெளிநாட்டுக்காரங்களுக்குப் போட்டது, உங்களுக்கில்ல."

"எல்லாரும் வரலாம்னு போட்டிருக்குதுங்களே?"

"வரலாம். எடுக்க மாட்டாங்க."

எவ்வளவு பேருக்குப் பஸ் காசு மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா. சில பேர், நல்லா இரு கண்ணு என்பார்கள். ஒரு அம்மா அழுதது. ஒருத்தி, நீ யாருடி சொல்றதுக்கு என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் இப்படித்தான், எல்லோருக்கும் செரிக்காது.

இதற்கு நடுவில் அம்மா. அவள் பெயர் ருக்குமணி, வயது நாற்பத்தாறு. அப்பா வேறு ஒரு வீட்டில் வேறு ஒரு குடும்பத்தோடு இருக்கிறார், அது இருக்கட்டும். அம்மா எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன ஷெட்டில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஷெட்காரர் ஆர்டர் இல்லாமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து அம்மா வீட்டில். என் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும், அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள். என் சுடிதாரில் நூல் தொங்கினால் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். எங்கே கிளம்பினாலும் நில்லு நில்லு என்று நூல் தேடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இவளைக் கண்டால் ஓடும்.

ஒருநாள் கேட்டாள். "உன்ற கம்பெனில எல்லாரும் வரலாம்னு போர்டு போட்டிருக்குதாமா?"

"நான்தான் எழுதுனேன்."

"நான் வந்து பாக்கட்டா?"

நான் எல்லோருக்கும் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் கிடையாது என்னிடம். "உனக்கு நாப்பத்தாறு. கண்ணாடி போட்டாத்தான் நூலு தெரியும். அது சும்மா ஆடிட்டுக்குப் போட்ட போர்டு."

"கேட்டுத்தான் பாக்கறனே சாமி. இல்லைன்னா வந்துட்டுப் போறேன்."

"நீ கேட்டுல வந்து நிப்ப. நான் உள்ளருந்து வந்து உன்னையப் போகச் சொல்லோணும். வேணுமா அது?"

அவள் என் தோளில் இருந்து ஏதோ ஒரு நூலை எடுத்தாள். நூல் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கு அவளைப் பற்றி வெட்கம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. வெட்கமெல்லாம் இல்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சத்தமாகப் பேசுவாள், அங்கே இருப்பதெல்லாம் என் வயதுப் பெண்கள், அவ்வளவுதான். ரூல் என்றால் ரூல்.

ஆடிட் தேதி வந்தது, பையர் ஆபீசுக்காக ஒரு மேடம் வருகிறார் என்றார்கள். அருண்பிரகாஷ் சார் என்னைக் கூப்பிட்டு, "மோனிஷா, போர்டு மட்டும் பத்தாதாம். ஆளையும் காட்டணுமாம். நாப்பது தாண்டினவங்க யாராவது வந்தா இனிமே திருப்பி அனுப்பாதே, உள்ளே விடு. முதலாளி எடுத்துக்கறேன்னுட்டார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எடுத்துக்கொள்வார்களாம். ஆடிட் அம்மா காரில் ஏறிய மறுநிமிஷம் கணக்கை முடித்து அனுப்புவார்கள். எனக்குத் தெரியாதா இவர்களை? நாடகத்தில் நிற்க வைக்க நான் ஆள் பிடித்துத் தர வேண்டுமா? போன் வந்தது. வழக்கம் போல வராதீங்க என்றேன். எல்லோருக்கும் அதேதான் சொன்னேன். ஆடிட்டுக்கு முந்தின நாள் வரை நாற்பது தாண்டின ஒரு ஆள்கூட வரவில்லை. சார் நகத்தைக் கடித்துக்கொண்டு, ஏன் யாருமே வர மாட்டேங்கறாங்க என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். என்னிடம் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். நாற்பது வயசுக்காரர் ஒருவராவது வேண்டுமாம், நாளைக்கு ஒரு நாள் யாரையும் கேட்டில் திருப்பக் கூடாதாம், பார் இவர்கள் கூத்தை என்று. அம்மா ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். "எத்தன மணிக்கு வருதாம் அந்தம்மா?" என்று மட்டும் கேட்டாள். பத்தரைக்கு என்றேன். கேட்டதைச் சொல்வதுதானே என் பழக்கம்.

பத்தரைக்கு வந்தார் ஆடிட்டர் மேடம். காட்டன் சேலை, நல்ல தமிழ். போர்டைப் படித்தார், தைக்கிற லைன் முழுக்க நடந்து பார்த்தார், ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்தார். "போர்டு நல்லா இருக்கு. ஆனா லைன்ல எல்லாரும் காலேஜ் பிள்ளைங்க மாதிரி இருக்காங்களே."

"வேற யாரும் அப்ளை பண்ணல மேடம்" என்றார் சார்.

"வந்தா வேண்டாம்னு சொல்லுவமுங்களா?" என்றார் முதலாளி. "வந்தாத்தானுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "அப்படியா பாப்பா? யாருமே கேக்கலையா?"

அங்கே இருந்த கம்பெனி ஆட்கள் மூன்று பேரில் பொய் சொல்லாதவள் நான் ஒருத்திதான் என்று வையுங்கள். என்ன செய்ய? "கேட்டாங்க மேடம். தெனமும் போன் வரும். நான்தான் வராதீங்கன்னு சொல்லிருவேன்."

"ஏன்?"

"வந்தாலும் எடுக்க மாட்டாங்க. பஸ் காசு வேஸ்ட்."

பாக்கிங் ஆன வெள்ளை பனியனில் ஆயில் பட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைப் பார்த்தார் முதலாளி. சார் பேப்பர்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

அப்போதுதான் செக்யூரிட்டி ஆரோக்கியம் அண்ணன் கதவில் தலையை நீட்டினார். "சார், வேலைக்குன்னு ஒரு அம்மா வந்திருக்குதுங்க. இன்னிக்கு உள்ள விடச் சொன்னீங்களே."

என் அம்மா. கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலை, கண்ணாடி, கையில் மஞ்சப் பை, பைக்குள் கத்திரி. என்னைப் பார்த்தாள், தெரியாத மாதிரியும் இல்லை, தெரிந்த மாதிரியும் இல்லை. மேடம் வயதைக் கேட்டார். போனில் அத்தனை பேரும் குறைத்துத்தான் சொன்னார்கள். இவள், "நாப்பத்தாறுங்க" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். மேசை மேல் கிடந்த சாம்பிள் பனியனை எடுத்து, கேட்காமலேயே நான்கு பிசிறை வெட்டிக் காட்டினாள்.

"இங்க வேலை இருக்குன்னு யாரும்மா சொன்னாங்க?"

"என்ற புள்ளதானுங்க. இதா நிக்குதே, இதேதான். வயசெல்லாம் பாக்க மாட்டாங்க, நல்ல கம்பெனி, தைரியமா வாம்மான்னு சொல்லுச்சுங்க."

முதலாளி முகத்தில் ரத்தம் திரும்பியது. சார் மூச்சு விட்டார். மேடம் என்னைப் பார்த்தார். "இப்ப நீ வேற மாதிரி சொன்னியே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் சொன்னேன், "இல்ல மேடம். நான் அப்படிச் சொல்லல. வராதேன்னுதான் சொன்னேன். அம்மா பொய் சொல்றாங்க."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அம்மாவைப் பார்த்து, "உங்க பொண்ணு எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

"சின்னதுலருந்தே அப்படித்தானுங்க" என்றாள் அம்மா. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

மேடம் ஆறு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் எல்லா வயதிலும் ஆள் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது. அம்மாவை அங்கேயே, அப்போதே பிசிறில் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உன்ற மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அம்மிணி. உனக்கு வயசு இருக்குது, அறிவு இருக்குது. இந்தக் கம்பெனிக்குள்ள ஏன் கெடந்து வீணாப் போகோணும்?" வேலையை விட்டுத் தூக்கிவிட்டேன் என்று நேராகச் சொன்னால் என்ன? அதற்கும் ஒரு அலங்காரம்.

இதுதான் நடந்தது. உண்மை சொன்னவளுக்கு வேலை போனது, பொய் சொன்னவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது நான் போகிற இடமெல்லாம் அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள். இருக்கிறது, எச்.ஆர். என்றால் ஏன் விட்டாய் என்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன். அப்புறம் பாத்துச் சொல்றோம் என்கிறார்கள்.

அம்மாவை மாதம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இன்னும் அனுப்பவில்லை, அது இருக்கட்டும். ஆனால் அவள் பொய் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "என்ற புள்ள வாங்கிக் குடுத்த வேலை" என்கிறாள். நான் உள்ளே இருந்து, "நான் வாங்கித் தரல, வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று கத்துவேன். அவர்கள் இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அது போதாதென்று இப்போது வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். ஆரோக்கியம் அண்ணன்தான் சொன்னார். நான் ஒரு காலத்தில் போனில் வராதீங்க என்றேனே, அந்த மாதிரி வயதில் பெண்கள் வரிசையாக வருகிறார்களாம். யார் சொல்லி வந்தீங்க என்று கேட்டால் ஒரே பதில். "மோனிஷா புள்ள சொல்லி வந்தோமுங்க." அவர்களில் ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாது.

"முதலாளியே கேட்டாரு. அந்தப் புள்ளயா இத்தனை பேர அனுப்புது, பரவால்லியே, இப்ப எங்க இருக்குதுன்னாரு" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

"நான் அனுப்பலைன்னு சொல்லிருங்க."

"நான் எதுக்குச் சொல்லோணும்? உங்கம்மா என்ன பண்ணுதுன்னு உனக்கு நெசமாலுமே தெரியலையா?"

"ஏன் தெரியாது? பொய் சொல்லிப் பழகிருச்சு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் அருண்பிரகாஷ் சாருக்கு மெசேஜ் போட்டேன். சார், நான் யாரையும் அனுப்பவில்லை, என் பெயரைச் சொல்லி வருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று. படித்துவிட்டார், பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன், எதற்கு என் பெயரை இழுக்கிறாய் என்று. "ஒரு பேரைச் சொன்னா நாக்கு தேஞ்சா போகுது?" என்றாள். சோற்றைப் போட்டாள். வளர்ந்த பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லையாம். எனக்கு நன்றாக வருகிறது.

மணி அடித்துவிட்டது. எழுந்துவிட்டீர்களா? உங்களுக்கு வயது என்ன அக்கா? நாற்பத்தெட்டா? பார்த்தால் தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தெரிகிறது. என் பேச்சைக் கேட்டால் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள். சரி, உங்கள் இஷ்டம். என் கடமைக்குச் சொன்னேன்.

என்ன கேட்டீர்கள்? மோனிஷா என்றால் நான்தானா என்றா? நான் இன்னும் என் பெயரையே உங்களிடம்... ஓ, மேனேஜர் கூப்பிட்டதாகச் சொன்னேனா. அதற்கு முன்பே தெரியுமா? காலையில் பஸ்ஸில் ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தாரா? கண்ணாடி போட்ட அம்மாவா? உங்கள் சேலையில் நூல் எடுத்தாரா?

அதோ அவளே கேட்டுக்கு வந்துவிட்டாள், பக்கத்தில் வேட்டியோடு நிற்பது முதலாளி. கையாட்டுகிறாள் பாருங்கள், உங்களைத்தான். என்னையும் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் எனக்கு அங்கே என்ன வேலை? இந்தச் சோற்றை நீங்களே அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, ஒரு நிமிஷம். உள்ளே யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் யாரும் அனுப்பவில்லை, போர்டைப் பார்த்து வந்தேன் என்று சொல்லுங்கள். அந்தப் பெண் போகாதே என்றுதான் சொன்னாள் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள். என் பெயரை மட்டும் நல்லவிதமாகச் சொல்லிவிடாதீர்கள்.